கூலி, கேலி, கோலி... எல்லாம் ஒரே முகவரியா? - லிங்க்குக்குள் ஒளிந்திருக்கும் கதை

ஒரு சின்னப் பரீட்சை. வாட்ஸ்அப்பில் கடைசியாக வந்த லிங்க்கை, ஊரில் இருக்கும் பாட்டிக்கு போனில் வாயாலேயே சொல்ல வேண்டும். அங்கே பக்கத்தில் இருக்கும் பேரன் அதைக் கேட்டு டைப் அடிக்க வேண்டும். 'தளத்தின் பெயர், சாய்வுக்கோடு, சமையல், சாய்வுக்கோடு, வத்தக்குழம்பு' என்று இருந்தால் பத்து விநாடி வேலை. அதே வத்தக்குழம்பு 'பக்கம்.பிஎச்பி?வகை=7&எண்=48213&தாள்=2' என்று வந்திருந்தால், பாட்டி போனை வைத்துவிடுவார்.

இரண்டு லிங்க்கும் காட்டப்போவது ஒரே குழம்பைத்தான். ஆனால், முதல் லிங்க்கைப் படித்தாலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிகிறது. இரண்டாவதைத் தட்டிப் பார்த்தால்தான் தெரியும். எதைத் தட்டினால் பணம் போகுமோ என்று பயந்துகொண்டே போனைப் பிடிக்கும் காலத்தில், இது சின்ன வித்தியாசம் இல்லை.

இந்த இரண்டாவது ரகம் எப்படி வந்தது? ஆரம்பகால இணையதளங்களில் ஒவ்வொரு பக்கமும் ஒரு தனி ஃபைல். முகவரி என்பது அந்த ஃபைல் எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது என்ற வழி மட்டும்தான். பிறகு செய்திகள், பொருள்கள், மதிப்பெண்கள் எல்லாம் டேட்டாபேஸுக்குள் போயின. ஒரே ஒரு புரோகிராம் ஃபைல் வாசலில் நின்றுகொண்டு, 'எந்த வகை, எத்தனையாவது எண், எந்தத் தாள்' என்று கேட்டு எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தது. கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் சமன் குறிகளும் 'அண்டு' குறிகளும் அந்த புரோகிராமுக்கான துண்டுச்சீட்டுகள். சமையற்கட்டுக்குப் போக வேண்டிய சீட்டை விருந்தாளி கையில் கொடுத்ததுதான் தவறு.

அதைச் சரிசெய்ததில் ஒரு பத்திரிகை அலுவலகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

செய்தி அறையில் பிறந்த ஜாங்கோ

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊர். அங்கே 'லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு' என்ற உள்ளூர் நாளிதழ். 2003-ல் அதன் இணையப் பிரிவில் அட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் என்ற இரண்டு இளைஞர்கள் வேலை பார்த்தார்கள். அட்ரியன் இதழியல் படித்தவர். சைமன், படிப்பின் இடையே ஓராண்டு வேலைப் பயிற்சிக்காக பிரிட்டனிலிருந்து வந்தவர். செய்தி அறையின் கெடு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 'தேர்தல் பக்கம் நாளைக்கு வேணும்', 'மேட்ச் பக்கம் சாயங்காலத்துக்குள்ள வேணும்' என்ற ரகம். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்க முடியாமல், திரும்பத் திரும்பத் தேவைப்படும் வேலைகளை பைத்தான் மொழியில் ஒரு கருவியாகச் செய்துவைத்தார்கள். 2005 ஜூலையில் அது எல்லோருக்கும் இலவசமாக வெளியிடப்பட்டது. ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் நினைவாக அதற்கு 'ஜாங்கோ' என்று பெயர். இன்ஸ்டாகிராம் வளர்ந்ததும் இதன் மேல்தான்.

இப்படி இணையதளம் கட்ட உதவும் அடித்தளங்களை 'ஃப்ரேம்வொர்க்' என்பார்கள். ஜாங்கோ என்ற ஃப்ரேம்வொர்க்கில் முகவரிக்கென்றே தனி ஃபைல் உண்டு. அதில் வரிசையாக ஒரு பட்டியல் இருக்கும். இந்த மாதிரி முகவரி வந்தால் இந்த வேலையைச் செய்யும் பகுதிக்கு அனுப்பு, அந்த மாதிரி வந்தால் அதற்கு அனுப்பு. கல்யாண மண்டப வாசலில் நிற்கும் மாமா 'மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா' என்று கேட்டு வழி காட்டுவது போலத்தான். 'கட்டுரை/2025/பொங்கல்/' என்று வந்தால், கட்டுரைப் பிரிவு, ஆண்டு 2025, பெயர் பொங்கல் என்று பிரித்து உள்ளே அனுப்பிவிடும். டேட்டாபேஸில் அது எத்தனையாவது எண்ணில் இருக்கிறது என்பது வாசகருக்குத் தெரிய வேண்டியதே இல்லை.

இந்தப் பட்டியலில் புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. பட்டியல் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் எது பொருந்துகிறதோ அதோடு தேடல் முடிந்துவிடும். 'கட்டுரை/ஏதோ ஒரு பெயர்/' என்ற பொதுவான வரியை மேலே எழுதிவிட்டு, 'கட்டுரை/புதியவை/' என்ற குறிப்பிட்ட வரியைக் கீழே எழுதினால், கீழே உள்ளது ஒருநாளும் திறக்காது. 'புதியவை' என்ற பெயரில் ஒரு கட்டுரை இருப்பதாக நினைத்துத் தேடிவிட்டு, 'இல்லை' என்று கைவிரித்துவிடும். குறிப்பானது மேலே, பொதுவானது கீழே. இதைப் புரிந்துகொள்வதற்குள் பாதி ராத்திரி போய்விடும்.

'பொங்கல்' என்று முகவரியின் கடைசியில் வரும் அந்தச் சின்னப் பெயருக்கு 'ஸ்லக்' என்று பெயர். இதுவும் பத்திரிகைச் சொல்தான். ஈயத்தில் எழுத்து வார்த்து அச்சடித்த காலத்தில், ஒரு வரியாக வார்த்தெடுத்த ஈயத் துண்டை ஸ்லக் என்றார்கள். பிறகு, ஆசிரியர் குழு ஒரு செய்தியைத் தங்களுக்குள் அடையாளம் சொல்ல வைத்துக்கொள்ளும் குட்டிப் பெயருக்கும் அதுவே ஆகிவிட்டது. ஈயம் போய்விட்டது, ஸ்லக் இப்போது எல்லோர் போனிலும் இருக்கிறது.

பிஎச்பி மொழியில் எழுதப்படும் தளங்களுக்கு வேறொரு தலைவலி. கோட்இக்னைட்டர், லாராவெல் போன்ற ஃப்ரேம்வொர்க்குகளில் எல்லா வருகையும் 'இண்டெக்ஸ்.பிஎச்பி' என்ற ஒரே வாசல் ஃபைல் வழியாகத்தான் போகும். கவனிக்காமல் விட்டால் அந்தப் பெயர் முகவரியின் நடுவில் துருத்திக்கொண்டு நிற்கும். அதை மறைக்க, 'இந்தப் பெயரில் நிஜமான ஃபைல் இருந்தால் கொடு, இல்லாவிட்டால் வாசல் ஃபைலிடம் அனுப்பு' என்று சர்வருக்குச் சொல்ல வேண்டும். அப்பாச்சி சர்வரில் இதைச் செய்யும் 'மாட்-ரீரைட்' வசதியை 1996-ல் ரால்ஃப் எங்கல்ஷால் எழுதினார். ஒரு தளத்தின் முகப்பு மட்டும் ஒழுங்காகத் திறந்து, உள்ளே எதைத் தட்டினாலும் 404 என்று வந்தால், பெரும்பாலும் இந்த வசதியை முடுக்கிவிட மறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கல்லூரி புராஜெக்ட்டை லேப்டாப்பிலிருந்து சர்வருக்கு மாற்றிய அன்று பலர் இதைப் பார்த்திருப்பார்கள்.

எண்ணா, பெயரா?

செய்தித் தளங்களின் முகவரியில் பெயருக்குப் பின்னால் ஒரு எண்ணும் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். தலைப்பு மாறினாலும் லிங்க் உடையக் கூடாது என்பதற்காகச் செய்யும் ஏற்பாடு. சர்வர் பார்ப்பது எண்ணை மட்டும், பெயர் மனிதர்களுக்கு.

இந்த ஏற்பாடு லண்டனின் 'இண்டிபெண்டன்ட்' இதழை 2011-ல் படுத்தியபாடு பிரசித்தம். கேட் மிடில்டனின் முகம் தெரிகிறது என்று சொல்லப்பட்ட ஒரு ஜெல்லி மிட்டாய் பற்றிய செய்தி அது. யாரோ ஒரு குறும்புக்காரர் முகவரியில் இருந்த பெயரை அழித்துவிட்டு, 'இது சுத்த விளம்பரக் கட்டுக்கதை' என்ற பொருளில் கெட்ட வார்த்தையும் சேர்த்து எழுதி ட்விட்டரில் விட்டார். எண் சரியாக இருந்ததால் பக்கம் ஜம்மென்று திறந்தது. அந்த அலுவலகத்தில் யாரோ கடுப்பில் எழுதியது என்றே உலகம் நம்பியது. இதற்கு மருந்து எளிது. எண்ணை வைத்துக் கட்டுரையைக் கண்டுபிடித்த பிறகு, பெயரும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் சரியான முகவரிக்குத் திருப்பிவிட வேண்டும். இரண்டு வரி கோடு. ஆனாலும் இன்னும் பல தளங்களில் இது இல்லை.

எண் மட்டும் போதும் என்று விட்டால் அதைவிட மோசமான விபத்துகள் நடக்கும். அமெரிக்காவில் வீடு, மனை ஆவணங்களைக் கையாளும் 'ஃபர்ஸ்ட் அமெரிக்கன்' நிறுவனத்தின் தளத்தில், ஒரு ஆவணத்தின் லிங்க்கில் இருந்த எண்ணைக் கொஞ்சம் மாற்றினால் அடுத்தவரின் ஆவணம் திறந்தது. பாஸ்வேர்டு எதுவும் கேட்கவில்லை. வங்கிக் கணக்கு எண்கள் உட்பட சுமார் 88.5 கோடி ஆவணங்கள் அப்படித் திறந்து கிடந்ததை 2019 மே மாதம் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் வெளியிட்டார். முகவரி தெரிந்தால் உள்ளே வரலாம் என்று வீடு கட்டக் கூடாது. கேட்பவர் யார் என்று ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பது வேறு வேலை. முகவரியை எவ்வளவு அழகாக்கினாலும் அந்த வேலை மிச்சம் இருக்கும்.

முகவரியில் ஆண்டைச் சேர்ப்பதில் ஒரு நன்மை உண்டு. அதைப் பல தளங்கள் நீளம் கருதி விட்டுவிடுவது வருத்தம்தான். பழைய வெள்ளச் செய்தி, பழைய விடுமுறை அறிவிப்பு, பழைய வைரஸ் பீதி எல்லாம் ஒவ்வொரு மழைக்கும் குடும்ப குரூப்பில் புதிதாக வரும். லிங்க்கிலேயே '2015' என்று இருந்தால், தட்டாமலேயே 'சித்தப்பா, இது பழசு' என்று சொல்லிவிடலாம்.

வீடு மாறினால்?

தளத்தைப் புதுப்பிக்கிறோம் என்று முகவரிகளையெல்லாம் அழகாக மாற்றுகிறார்கள். நல்லது. பழைய முகவரியை வைத்திருப்பவர் கதி? வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே இதைப் பற்றிக் கண்டிப்பாக எழுதினார். நல்ல முகவரி மாறாது என்பது அவர் கட்சி. 20 ஆண்டுகள், 200 ஆண்டுகள் கழித்தும் இருக்கும்படி யோசித்து வையுங்கள் என்றார். இன்று பயன்படுத்தும் மென்பொருளின் பெயர் முகவரியில் இருக்கவே கூடாது என்றும் சொன்னார். 'டாட் பிஎச்பி' என்று வைத்தால், நாளை வேறு மொழிக்கு மாறும்போது எல்லா லிங்க்கும் பொய்யாகிவிடும் அல்லவா?

கேட்டவர்கள் குறைவு. பியூ ஆராய்ச்சி மையம் 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவிகிதம் பத்தாண்டுக்குப் பிறகு திறக்கவில்லை. அதற்கு எதிர் உதாரணமும் உண்டு. உலகின் முதல் இணையதளத்தை, அது பிறந்த சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடம் 2013-ல் அதன் பழைய முகவரியிலேயே மீண்டும் ஏற்றிவைத்தது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முறை இருக்கிறது. வீடு மாறும்போது தபால்காரரிடம் புது முகவரி கொடுத்துவிட்டுப் போவோமே, அதுதான். சர்வர் மொழியில் அதன் எண் 301: 'நிரந்தரமாக இடம் மாறிவிட்டார், இனி இங்கே வாருங்கள்.' 302 என்றால் தற்காலிகம். கூகுள் போன்ற தேடுபொறிகளும் 301-ஐப் பார்த்தால் புது முகவரியைக் குறித்துக்கொள்ளும். ஜாங்கோவிலும் வேர்ட்பிரஸ்ஸிலும் இதற்கான வசதி தயாராகவே இருக்கிறது. பழையது, புதியது என்று ஒரு பட்டியல் போட்டால் போதும். அந்தப் பட்டியலைப் போடும் ஒரு நாள் சோம்பேறித்தனத்தில்தான் பல தளங்களின் பத்து வருட உழைப்பு காணாமல் போகிறது.

படிக்க அழகாக இருக்கும் முகவரியை அப்படியே நம்பிவிடலாமா என்றால், கூடவே கூடாது. சாய்வுக்கோட்டுக்குப் பின்னால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். 'உங்கள்வங்கி.பரிசு.காம்/கேஒய்சி/புதுப்பிக்க' என்று இருந்தால், அது உங்கள் வங்கி இல்லை, 'பரிசு.காம்' என்ற யாரோ ஒருவர். ஆரம்பத்தில் வரும் இரட்டைச் சாய்வுக்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்வுக்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னோக்கிப் படித்தால் உண்மையான சொந்தக்காரர் தெரிவார். இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான், எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முடிவு வங்கிகளுக்கு மட்டுமே வழங்கப்படும்.

புள்ளி போனால் என்ன ஆகும்?

இனி நம் வீட்டுப் பிரச்னை. தமிழ்க் கட்டுரைக்குத் தமிழிலேயே முகவரி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இருக்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் அப்படித்தான் இருக்கிறது. பிரவுசரின் மேலே 'தமிழ்நாடு' என்று அழகாகத் தெரியும். அதை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவிகிதக் குறிகளும் எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்த ஒரு ரயில் வந்து நிற்கும்.

காரணம், இணைய முகவரிக்கான பழைய விதி ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் இவற்றை மட்டுமே அனுமதிக்கிறது. மற்ற எழுத்துகளை அவற்றின் கணினிக் குறியீடாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். ஒவ்வொரு பைட்டும் சதவிகிதக் குறியோடு சேர்ந்து 3 எழுத்தாகிறது. ஆக, ஒரு குறிக்கு 9 எழுத்து. 'தமிழ்நாடு' என்பதில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் சேர்த்து 9 குறிகள். வெறும் ஒரு மாநிலத்தின் பெயர் 81 எழுத்து நீளம்!

நீளம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வேர்ட்பிரஸ்ஸில் ஸ்லக்கின் எல்லை 200 எழுத்து. ஆங்கிலத்தில் அது தாராளம். தமிழில் 22 குறிகளோடு கதை முடிந்துவிடும். 'திருநெல்வேலி அல்வா வரலாறு' என்று தலைப்பு வைத்தால் 209 எழுத்தாகிறது. கடைசிக் குறி வெட்டுப்பட்டு 'வரலாற' என்று நிற்கும். தலைப்பு இன்னும் நீளமாக இருந்தால் எங்கே வெட்டும் என்று சொல்லவே வேண்டாம்.

ஜாங்கோவில் நடப்பது இன்னும் வேடிக்கை. தலைப்பிலிருந்து ஸ்லக் செய்துதரும் வசதி, சாதாரணமாகத் தமிழைப் பார்த்தால் மொத்தத்தையும் அழித்து வெற்றிடத்தைக் கொடுத்துவிடும். 2015 டிசம்பரில் வந்த 1.9 பதிப்பிலிருந்து 'மற்ற மொழி எழுத்துகளையும் அனுமதி' என்று சொல்ல முடியும். சொன்னால்? 'எழுத்து எது' என்று பைத்தானின் விதி வைத்திருக்கும் பட்டியலில் க, ம, ழ எல்லாம் உண்டு. புள்ளியும் காலும் கொம்பும் இல்லை. அவை எழுத்துகள் அல்ல, எழுத்தின் மேல் ஒட்டும் அடையாளங்கள் என்பது அதன் கணக்கு. எனவே அவற்றைத் துடைத்துவிடும். 'தமிழ்' என்று கொடுத்தால் 'தமழ' என்று திரும்பி வரும். 'பள்ளி' என்றால் 'பளள'.

சிரித்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தால், அடுத்த வம்பு காத்திருக்கிறது. கூலி, கேலி, கோலி, கிலி, கால், கல் இந்த ஆறையும் கொடுத்துப் பார்த்தால் ஆறுக்கும் ஒரே விடைதான்: 'கல'. ரஜினி பட விமர்சனமும், கால் வலிக்கு வைத்தியமும், கோலி விளையாட்டு நினைவுகளும் ஒரே கதவு எண்ணில் வந்து நிற்கும். ஒரு பெயருக்கு ஒரு பக்கம் என்று கட்டிய தளத்தில் இரண்டாவது கட்டுரை ஏறாது. அல்லது 'கல-2', 'கல-3' என்று ஏறும். தமிழுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. இந்தி, வங்காளம், மலையாளத்துக்கும் இதேதான். அந்த விதியை எழுதியவர்களுக்கு நம்மேல் கோபம் இல்லை. உயிர்மெய் என்று ஒன்று இருப்பது அவர்கள் நினைவில் வரவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்த் தளங்களின் டிஜிட்டல் டெஸ்க்குகள் பெரும்பாலும் இதைச் சுற்றிக்கொண்டு போகின்றன: ஸ்லக்கை ஆங்கிலத்தில் எழுதிவிடுவது. பாதுகாப்பான வழி. ஆனால், தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும்போது 'பழம்' என்பதன் ழகரத்துக்கு ஒருவர் 'இஸட்-எச்' போடுவார், இன்னொருவர் 'எல்' போடுவார். தேடும் வாசகர் மூன்றாவதாக ஒன்றை அடிப்பார். ஆசிரியர் குழு ஒரு பக்கத்துக்கு விதி எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

தமிழிலேயே வைக்க விரும்புபவர்களுக்கும் வழி இருக்கிறது. ஸ்லக் செய்யும் வசதியை அப்படியே பயன்படுத்தாமல், தமிழுக்கான யூனிகோடு வரிசை முழுவதையும், அதாவது புள்ளி, கால், கொம்பு சேர்த்து, அனுமதிக்கும் சின்ன நிரல் எழுதிக்கொள்ளலாம். பத்து வரிகூட வராது. முகவரிப் பட்டியலிலும் ஸ்லக் என்ற வகைக்குப் பதிலாக, சாய்வுக்கோடு தவிர எதையும் ஏற்கும் பொதுவான சொல் வகையைப் போட வேண்டும். ஜாங்கோவின் ஸ்லக் வகை ஆங்கில எழுத்தையும் எண்ணையும் இடைக்கோடு, அடிக்கோடு ஆகியவற்றையும் மட்டுமே உள்ளே விடும். பின்னால் ஒரு எண்ணையும் சேர்த்துவிட்டால், வழியில் பெயர் நசுங்கினாலும் பக்கம் திறக்கும்.

யூஆர்எல் என்பதற்கு 'உரலி' என்று பெயர் வைத்திருக்கும் தமிழ் விக்கிப்பீடியாவினர், தலைப்பை மாற்றினால் பழைய பெயரிலிருந்து புதியதற்கு 'வழிமாற்று' என்று ஒரு பக்கத்தை விட்டுவைக்கிறார்கள். அனுப்பும்போது நீளாமல் இருக்க, விக்கிமீடியா 2019 முதல் தன் தளங்களுக்கென்றே சொந்தமாக ஒரு குறுமுகவரி வசதியையும் வைத்திருக்கிறது. அடுத்த முறை விக்கிப்பீடியா பக்கம் ஒன்றை குடும்ப குரூப்பில் போடும்போது, கருவிகள் பகுதியில் அதைத் தேடி எடுத்து அனுப்பலாம். 81 எழுத்து ரயில் நிற்கும் இடத்தில், பாட்டிக்கு போனில் சொல்லக்கூடிய நாலைந்து எழுத்துகள் இருக்கும்.